குறை சொல்லி விற்கும் வியாபாரம்

(வட்டுக்கோட்டையில் சுயதொழில் செய்வோருக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பாவித்த பொருட்களைத் தேடி வாங்கி, துப்புரவாக்கி, திருத்தி, ஒன்லைனில் விற்பதை வீட்டிலிருந்தபடியே ஒரு தொழிலாகச் செய்வது எப்படி என்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் சிலர் ஏற்கெனவே இதைச் செய்கிறீர்கள். சிலர் தொடங்கலாமா என்ற யோசனையில் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை. ஆனால் பொருளின் குறையையும் அது வந்த வழியையும் மறைக்காமல் சொல்லும் மனம் கட்டாயம் தேவை. அந்த மனம் உள்ளவரின் தொழில் நிலைக்கும். அது இல்லாதவர் இரண்டு மூன்று வியாபாரத்தோடு பெயரைக் கெடுத்துக்கொள்வார்.

பாவித்த பொருளோடு வாழ்வது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. 1990இல் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை இறுகிய பிறகு இங்கே வாழ்ந்தவர்கள் அதை நன்றாக அறிவார்கள். பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் பழைய ஏ40 கார்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரி வராததால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்காகிப் பிள்ளைகள் அதன் வெளிச்சத்தில் படித்தார்கள். ஓர் ஆணியைக்கூட எறியாமல் வைத்திருந்த காலம் அது. சைக்கிள் திருத்துபவர், தையல் மெசின் திருத்துபவர், றேடியோ திருத்துபவர் என்று ஊருக்கு ஊர் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். பொருளை வாழவைக்கும் அந்தக் கைப்பழக்கம் இன்னும் எங்கள் ஊர்களில் முற்றாக அழிந்துவிடவில்லை. இந்தத் தொழிலுக்கு அதுவே முதல் ஆதாரம்.

2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்ததும் வேறொரு காட்சியைக் கண்டோம். பழைய பொருள் வாங்குவோர் லொறிகளில் வந்தார்கள். கதவு நிலைகள், பெட்டகங்கள், சாய்மனைக் கதிரைகள், கிடாரங்கள், மூக்குப்பேணிகள் எல்லாம் அவற்றில் ஏறிப் போயின. பித்தளைச் சாமான் பெரும்பாலும் நிறைக்குத்தான் போனது. நிறுத்து விற்றவருக்குக் கிடைத்தது உலோகத்தின் விலை. அதே மூக்குப்பேணியை, எந்த ஊர்ச் சாமான், எதற்குப் பயன்பட்டது என்று எழுதிப் பழம்பொருள் பிரியர்களிடம் விற்றவருக்குக் கிடைத்ததோ பல மடங்கு. வந்து வாங்கியவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கு இரண்டு விடயம் தெரிந்திருந்தது: அந்தப் பொருள் என்ன என்பது ஒன்று, அதை விரும்புபவர் எங்கே இருக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டாவதை இன்று கையில் இருக்கும் போனே எங்களுக்குத் தருகிறது. முதலாவதை நாங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

உலகத்தில் இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று சற்றுப் பார்ப்போம். 1995 செப்டெம்பரில் அமெரிக்காவில் பியேர் ஒமிட்யார் என்ற மென்பொருளாளர் ஓர் ஏல இணையத்தளத்தைத் தொடங்கினார். அதுதான் பின்னர் ஈபே ஆனது. அங்கே முதலில் விலைபோன பொருள் ஓர் உடைந்த லேசர் பொயின்ரர். 14.83 டொலருக்குப் போனது. அது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று ஒமிட்யார் வாங்கியவரிடம் கேட்டார். தான் உடைந்த லேசர் பொயின்ரர்களைச் சேகரிப்பவன் என்று அவர் பதில் சொன்னார். உடைந்தது என்று சொல்லியே விற்ற பொருளுக்கும் அதையே தேடி நிற்கும் ஒருவர் இருந்தார். இந்த வியாபாரத்தின் அடிப்படையே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2008இல் லித்துவேனியா நாட்டின் வில்னியஸ் நகரத்தில் மில்டா மிட்குட்டே என்ற இளம்பெண் வீடு மாறவிருந்தார். உடுப்புகள் அளவுக்கு மிஞ்சி இருந்தன. அவற்றைக் கொடுத்துத் தீர்க்க வழி தேடியபோது நண்பர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய தளம்தான் இன்று ஐரோப்பாவெங்கும் பாவித்த உடுப்பு விற்கும் விண்டட். எங்கள் நாட்டில் 2012இல் இக்மன் என்ற விற்பனைத் தளம் வந்தது. பின்னர் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸும் வட்ஸ்அப் குழுக்களும் வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி வெடித்து, செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. எரிபொருள் வரிசைகளில் நின்று களைத்தவர்கள் பழைய சைக்கிளைத் தேடி அலைந்தார்கள். புதிது வாங்க முடியாத வீடுகளுக்குப் பாவித்த குளிர்சாதனப் பெட்டியும் பாவித்த மடிக்கணினியும்தான் கைகொடுத்தன. பாவித்தது வாங்குவது கௌரவக் குறைவு என்று எண்ணிய குடும்பங்களும் அந்த ஆண்டில் அந்த எண்ணத்தை விட்டன.

இனி வேலைக்கு வருகிறேன். எதை வாங்கி விற்பது? முதலில் உங்களுக்குத் தெரிந்த பொருளில் தொடங்குங்கள். தையல் தெரிந்தவர் தையல் மெசினைத் தொட்டவுடனேயே அதன் நிலைமையை அறிவார். பிள்ளை வளர்த்த தாய்க்குத் தொட்டிலும் தள்ளுவண்டியும் தெரியும். ஆசிரியருக்கு எந்தப் பழைய பாடநூல், எந்தக் கடந்தகால வினாத்தாள் தேவைப்படும் என்பது தெரியும். தச்சு வேலை செய்பவரின் மகனுக்கு முதிரைக்கும் வேம்புக்கும் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். தெரியாத பொருளில் இறங்கினால் வாங்கும்போதே நட்டம் தொடங்கிவிடும்.

துப்புரவாக்குவதில் கவனம் தேவை. பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பது எங்கள் பழக்கம். வீட்டுப் பாவனைக்கு வாங்குபவர் அதை விரும்புவார். பழம்பொருள் சேகரிப்பவரோ காலத்தால் படிந்த அந்த மங்கிய நிறத்தைத்தான் விரும்புவார். தேய்த்துவிட்டால் அவருக்கு அதன் மதிப்புக் குறைந்துவிடும். ஆகவே யாருக்கு விற்கப் போகிறோம் என்று தீர்மானித்த பிறகே கையை வையுங்கள். பழைய மரச் சாமானுக்கு அவசரப்பட்டுப் பெயின்ற் அடிக்காதீர்கள். கிழிந்த புத்தகத்துக்கு ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அது காய்ந்து, மஞ்சளாகி, தாளையும் கெடுத்துவிடும்.

படத்தைக் காலை வெளிச்சத்தில் விறாந்தையில் வைத்து எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் மூன்றும் வேண்டும். கம்பனிப் பெயரோ முத்திரையோ இருந்தால் அதைக் கிட்ட வைத்து எடுங்கள். பிறகு கீறல், வெடிப்பு, துரு, மாற்றிய பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பக்கத்தில் அளவுகோலை வையுங்கள். விபரம் எழுதும்போது நீளம், அகலம், உயரம், எதனால் ஆனது, எவ்வளவு காலம் பாவித்தது, என்ன திருத்தியிருக்கிறோம், இன்னும் என்ன குறை இருக்கிறது என்பவற்றை எழுதுங்கள். நல்ல பொருள், தரமான பொருள் என்று எழுதுவதால் யாரும் வாங்குவதில்லை. தையல் மெசின் என்றால், கால் மிதி புதிது, பட்டி மாற்றியது, மேசையின் இடது மூலையில் ஒரு தண்ணீர்க் கறை உண்டு என்று எழுதினால் வாங்குபவர் நம்புவார்.

விலை வைப்பதில் பலர் தவறுவது கணக்கில்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தையல் மெசினை 12,000 ரூபாய்க்கு வாங்கி 20,000 ரூபாய்க்கு விற்றால் 8,000 இலாபம் என்று மனம் சொல்லும். திருத்தக் கொடுத்தது 3,000, ஓட்டோவுக்கு 1,500 என்று கழித்தால் மிச்சம் 3,500தான். அந்த 3,500க்கு உங்கள் நேரம் எவ்வளவு போனது என்றும் எழுதிப் பாருங்கள். விற்காமல் மூன்று மாதம் அறையில் கிடந்தால் அந்த 12,000 ரூபாயும் முடங்கிக் கிடக்கிறது. ஒரு சீ.ஆர். கொப்பியில் வாங்கிய திகதி, விலை, செலவு, விற்ற திகதி, விலை என்று எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் அந்தக் கொப்பி உங்களுக்கு எதை வாங்கவேண்டும், எதை விடவேண்டும் என்று சொல்லித்தரும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி. 1970இல் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பாவித்த கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு வேறு இருவரோடு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தச் சிந்தனையும் காரணம். அவர் காட்டியது இதுதான்: பாவித்த காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எதுவும் பழுதாக இருக்கலாம் என்ற பயத்தில் வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைந்த விலையே கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டாது என்று விற்காமல் ஒதுங்குவார். சந்தையில் பழுதான கார்கள் மட்டும் மிஞ்சும். வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார். இப்படியே போனால் சந்தையே அழிந்துவிடலாம். ஒரு சிலர் பொய் சொல்வதால் நேர்மையானவர் எல்லோருக்கும் வருகிற நட்டம் இது.

ஒன்லைன் வியாபாரத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சங்கானைச் சந்தையில் ஒரு கத்தரிக்காயைக்கூடத் தொட்டுப் பார்த்து, திருப்பிப் பார்த்துத்தான் எடுக்கிறோம். விற்பவர் இன்னாருடைய மகன் என்பதும் தெரியும். நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார் என்பதும் தெரியும். போனில் படம் பார்த்து வாங்கும் வவுனியாக்காரருக்கு இந்த இரண்டும் இல்லை. தொட்டுப் பார்க்க முடியாத அவருடைய கைக்குப் பதிலாக உங்கள் சொல் நிற்கிறது. எனவே குறையை முதலில் சொல்லுங்கள். சொன்னதற்கு மாறாகப் பொருள் இருந்தால் திருப்பி எடுப்பேன் என்று எழுதுங்கள், எழுதியபடி எடுங்கள். எப்போதும் ஒரே பெயரில் விற்பனை செய்யுங்கள். அந்தப் பெயர் சேர்க்கும் நம்பிக்கைதான் உங்கள் கடை.

அடுத்தது, பொருள் வந்த வழி. இதை வேறெந்த ஊரையும்விட எங்கள் ஊர் கவனிக்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கியதால், வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டி, கையில் எடுத்ததோடு வீதியில் இறங்கியது. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரை ஓடும் இல்லை, யன்னலும் இல்லை. எங்கள் வீட்டுச் சாமானை யாரோ எங்கோ விற்றார்கள், யாரோ ஒன்றும் கேட்காமல் வாங்கினார்கள். அந்த வலி தெரிந்த நாங்கள், யாருடையது என்று கேட்காமல் ஒரு பொருளையும் வாங்கக் கூடாது.

நடைமுறையில் இது என்ன? விற்க வருபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, பொருள், விலை எல்லாவற்றையும் எழுதி, கையொப்பம் வாங்குங்கள். போன் என்றால் வாங்கிய பற்றுச்சீட்டையும் பெட்டியையும் கேளுங்கள். பெட்டியில் உள்ள ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமும் போனில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். களவுப் பொருள் என்று அறிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது எங்கள் தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம்.

இங்கே இன்னொரு நிலைமையும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் பல. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வந்து, பழைய அலுமாரி கிடக்கிறது, எடுங்கள் என்பார். உரிமையாளரோடு வட்ஸ்அப்பில் பேசி, அவர் வாயால் சம்மதம் கேட்ட பிறகே எடுங்கள். பெற்றோரின் சாமானைச் சகோதரர் ஒருவர் விற்க வந்தால் மற்றவர்களுக்கும் தெரியுமா என்று கேளுங்கள். 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டம் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. யாருக்கு எது உரித்து என்பதில் இவ்வளவு நுணுக்கமாக இருந்த சமூகம், சீதனமாக வந்த அலுமாரியை மனைவியைக் கேட்காமல் விற்கவோ வாங்கவோ கூடாது.

விற்கக் கூடாத பொருட்களும் உண்டு. வட்டுக்கோட்டையில் நின்று இதைச் சொல்லாமல் போக முடியாது. 1823இல் அமெரிக்க மிசனறிமார் இங்கே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டு, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். மற்றவர்கள் பழையது என்று பரணில் போட்டதில் ஓர் இலக்கியத்தைக் கண்ட கண் அவருடையது. அப்படிப்பட்ட நூல்கள் சேர்ந்திருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. எஞ்சியவை எங்கள் வீட்டுப் பெட்டகங்களில்தான் இருக்கின்றன.

ஆகவே ஓர் ஓலைச்சுவடியோ, பழைய அச்சுப் புத்தகமோ, ஊர்ச் சங்கத்தின் மலரோ, கோயில் கணக்கோ, கையெழுத்துப் பிரதியோ கண்ணில் பட்டால் விலை பேசுவதற்கு முன் நில்லுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் எங்கள் எழுத்துகளை எண்ணிமப்படுத்திப் பாதுகாத்து வருகிறது. முதலில் அப்படி ஒரு பிரதி எடுக்க வழி செய்யுங்கள். சுவடி என்றால் விற்கவே வேண்டாம், ஒரு நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ ஒப்படையுங்கள். சட்டமும் இத்தகைய வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு உடைமைகள் சட்டம் அத்தகைய பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் அவற்றில் வியாபாரம் செய்வதையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்துகிறது. மிகப் பழையது என்று சந்தேகம் வந்தால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

மனிதரின் அந்தரங்கமும் விற்பனைக்குரியதல்ல. வாங்கிய அலுமாரி இழுப்பறையில் கடிதம், படம், பிறப்புச் சான்றிதழ் இருந்தால் உரியவரைத் தேடிக் கொடுங்கள். போனையும் கணினியையும் விற்பதற்கு முன் அவற்றிலுள்ள தகவல் அனைத்தையும் அழியுங்கள்.

பணம், பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கியில் காசு போட்டுவிட்டேன் என்று பற்றுச்சீட்டின் படத்தை அனுப்புவார்கள்; உங்கள் கணக்கில் காசு விழுந்ததை நீங்களே பார்க்கும்வரை பொருளைக் கொடுக்காதீர்கள். தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும், போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள் என்பதும் ஏமாற்று. பெண்களே, வியாபாரத்துக்குத் தனிப் போன் இலக்கம் வைத்திருங்கள். வீட்டு முகவரியைப் பொதுவில் போடாதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் பொருளை ஒப்படைப்பதென்றால் பகலில், வங்கி முன்பாகவோ சந்தைக்கு அருகிலோ, துணையோடு போய்க் கொடுங்கள். தூர இடத்துக்குக் கூரியர் மூலம் அனுப்பி, பொருளைக் கொடுத்துக் காசை வாங்கித் தரும் சேவையைப் பயன்படுத்தலாம். ஆனால் வாங்குபவர் ஏற்காமல் திருப்பிவிட்டால் போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

தொழில் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் சங்கானையில் உள்ள வலிகாமம் மேற்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். பதிவு இருந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். கடன் கேட்கும்போது காட்ட ஓர் ஆதாரமும் கிடைக்கும். வருமான வரியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி விலக்கு இருக்கிறது. உங்கள் வருமானம் அதற்குள்ளா வெளியிலா என்று தெரிய, முன்பு சொன்ன அந்தக் கொப்பி வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் தொழிலின் எல்லா வேலையையும் ஒருவரே செய்வது கடினம். ஒருவருக்குப் படம் எடுக்க வரும், திருத்த வராது. ஒருவருக்கு ஆங்கிலமும் சிங்களமும் எழுத வரும், சாமான் வைக்க வீட்டில் இடமிருக்காது. பக்கத்து ஊரான மூளாயில் மக்கள் காசு சேர்த்து, 1930களிலேயே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையைக் கட்டியெழுப்பினார்கள். வைத்தியசாலையையே கூடிச் செய்த மண்ணில் ஒரு சாமான் அறையையும் ஒரு விற்பனைப் பக்கத்தையும் கூடி நடத்த முடியாதா? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கும் ஐந்தாறு பேர் ஒன்றுசேருங்கள். ஒருவர் வாங்கட்டும், ஒருவர் திருத்தட்டும், ஒருவர் படமும் விபரமும் போடட்டும், ஒருவர் கணக்கு எழுதட்டும். ஊரில் சும்மா இருக்கும் வயதான தச்சரையும் தையல் மெசின் திருத்துபவரையும் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள். இளையவர்கள் பக்கத்தில் இருந்து அந்த வேலையைப் பழகட்டும்.

அந்தக் குழுவுக்கு மூன்று விதி போதும். யாருடையது என்று தெரியாததை வாங்குவதில்லை. குறையை மறைத்து விற்பதில்லை. எங்கள் வரலாற்றை எந்த விலைக்கும் கொடுப்பதில்லை. இந்த மூன்றையும் எழுதி அறைச் சுவரில் ஒட்டிவிட்டு, வருகிற மாதமே தொடங்குங்கள். வட்டுக்கோட்டையில் இருந்து வரும் பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று கொழும்பிலும் மட்டக்களப்பிலும் சொல்லும்படி செய்யுங்கள். உங்களால் அது முடியும்.